பேஸ்பால் வழியா அமெரிக்கா: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

கேள்வி: அண்ணா, ஒரு நாட்டோட சமூக வரலாற விளையாட்ட வச்சு படிக்க முடியுமா?

பதில்: தாராளமா முடியும் தம்பி. ஸ்கோர ஓரமா வச்சுட்டு யார ஆட விட்டாங்க, யார விடல, டிக்கெட் காசு யார் கைக்கு போச்சுன்னு பாருங்க. 1884ல மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர்னு ஒரு கறுப்பின கேட்சர் டொலிடோ டீமுக்காக அமெரிக்க பேஸ்பாலோட பெரிய லீக்லயே ஆடியிருக்கார். அதுக்கப்புறம் 1947 வரைக்கும் கறுப்பின ஆட்டக்காரங்களுக்கு அங்க இடமே கிடையாது. இதுக்கு சட்டமே கிடையாது, டீம் முதலாளிங்க தங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்டதுதான், அதனால சட்டப் புத்தகத்த மட்டும் படிக்கிறவங்க கண்ணுல இது சிக்கவே சிக்காது.

கேள்வி: சார், ஜாக்கி ராபின்சன் வந்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்துடுச்சுல்ல?

பதில்: எல்லாரும் அங்கயே நிறுத்திடுறாங்க, எனக்கு வருத்தமே அதான். 1947 ஏப்ரல் 15 அன்னிக்கு அந்தத் தடைய உடைச்ச கறுப்பின ஆட்டக்காரரா அவர் பெரிய லீக்ல ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ் டீமுக்கு இறங்கினது எவ்ளோ பெரிய விஷயம்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா 1920ல ரூப் ஃபாஸ்டர் ஆரம்பிச்ச நீக்ரோ நேஷனல் லீக்லேர்ந்து கறுப்பின மக்கள் தாங்களே வளர்த்த ஒரு தொழில் இருந்துச்சு, டீம், முதலாளி, மேனேஜர், பத்திரிகைன்னு. ராபின்சன் 1945ல ஆடிட்டு இருந்த கறுப்பின லீக் டீமான கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ்க்கு டாட்ஜர்ஸ் பைசா குடுக்கல. நியூவர்க் ஈகிள்ஸ்ங்கிற இன்னொரு கறுப்பின லீக் டீம நடத்தின எஃபா மேன்லி அம்மாவும் தங்களோட ஆட்டக்காரர் டான் நியூகம்ப்ப அப்படித்தான் இழந்தாங்க, ஆனா அவங்க விடல, சண்ட போட்டாங்க, 1947 ஜூலைல அவங்க ஆட்டக்காரர் லாரி டோபிய பெரிய லீக்கோட கிளீவ்லேண்ட் டீம் காசு குடுத்துதான் வாங்கிச்சு. அப்படியும் என்ன, ரசிகர்கள் கூட்டம் கூட்டமா ராபின்சனப் பாக்கப் போயிட்டாங்க, 1948 சீசன் முடிஞ்சதும் மேன்லி அம்மா டீமையே வித்துட்டாங்க. ஆட்டக்காரருக்கு வழி விட்டாங்க, முதலாளிக்கும் மேனேஜருக்கும் விடல.

கேள்வி: எல்லா டீமும் உடனே மாறிடுச்சா?

பதில்: இல்லைங்க, பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1959ல தான் மாறுச்சு. ராபின்சன் வந்து 12 வருஷம்!

கேள்வி: தொழிலாளர் வரலாறு படிக்கிறேன், எனக்கு இதுல ஏதாவது கிடைக்குமா?

பதில்: கர்ட் ஃப்ளட்ங்கிற பேஸ்பால் ஆட்டக்காரர் போட்ட வழக்க கட்டாயம் படிங்க. அப்போ ஒப்பந்தம் முடிஞ்சாலும் ஆட்டக்காரர் பழைய டீமுக்கே சொந்தம், வேற எங்கயும் போக முடியாது. 1969ல செயின்ட் லூயிஸ் டீம் இவர பிலடெல்ஃபியா டீமுக்கு மாத்தி விட்டப்ப, நான் விக்கிற வாங்குற சாமான் இல்லன்னு மறுத்துட்டு கோர்ட்டுக்குப் போனார். வியாபாரத்துல போட்டிய ஒழிக்கக் கூடாதுங்கிற சட்டத்துலேர்ந்து 1922ல சுப்ரீம் கோர்ட் பேஸ்பாலுக்கு குடுத்த விதிவிலக்க வச்சே 1972ல 5-3ன்னு தோக்கடிச்சாங்க. 1975ல தொழில் தகராற தீர்க்க வச்ச ஒரு நடுவரோட தீர்ப்பால மத்தவங்களுக்கு விடுதலை கிடைச்சுது, ஆனா அதுக்குள்ள இவரோட ஆட்டமே முடிஞ்சு போச்சு.

கேள்வி: எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு இந்த அக்காவுக்கும் சேர்த்து சொல்லுங்க, நான் புதுசு.

பதில்: பழைய பேப்பர்லேர்ந்து ஆரம்பிங்கம்மா. பிட்ஸ்பர்க் கூரியர்ங்கிற கறுப்பின மக்களோட பத்திரிகைல வெண்டல் ஸ்மித்னு ஒரு கறுப்பின நிருபர், ராபின்சன் கூடவே ஊர் ஊரா போனவர், பிரஸ் பாக்ஸ்ல இடம் இல்லன்னுட்டாங்கன்னு கேலரில உக்காந்து மடியில டைப்ரைட்டர வச்சு எழுதினார். ஒரே மேட்ச்ச அவர் எழுதினதையும், வெள்ளைக்காரங்க பத்திரிகை எழுதினதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க, எது விட்டுப் போயிருக்குன்னு குறிச்சுக்கிட்டே வாங்க.