இரண்டு பேர் திருத்திய நிரல் கோப்பை ஒப்பிட்டு இணைக்க வின்மெர்ஜ் போதுமா?

போதும். ஆனால் இரண்டு கோப்புகளை மட்டும் அதில் திறந்து வைத்துக்கொண்டு இணைக்காதீர்கள். நான் அப்படிச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

நானும் நண்பரும் ஒரு கடைக்கு ரசீது போடும் நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் எல்லாம் கிடையாது. கோப்புகள் பென் டிரைவில் போய்வரும். ஒருநாள் இருவரின் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் தொகையை முழு ரூபாயாக்கும் வரி ஒன்று இருந்தது. அவருடையதில் அந்த இடம் காலி. மறந்துவிட்டார் போலும் என்று அம்புக்குறியைச் சொடுக்கி அந்த வரியை அங்கே தள்ளினேன். உண்மையில் அவர் அதை வேண்டுமென்றே நீக்கி, மொத்தத் தொகைக்கு மட்டும் முழுமையாக்கும்படி கீழே மாற்றியிருந்தார். பொருளுக்கு 30 பைசா வீதம் உதிர்ந்தாலும் பத்துப் பொருளுக்கு மூன்று ரூபாய் அல்லவா? கடைக்காரர்தான் கண்டுபிடித்தார்.

ஒரு வரியை ஒருவர் சேர்த்தாரா, மற்றவர் நீக்கினாரா என்பதை இரண்டு கோப்புகளை வைத்துச் சொல்லவே முடியாது. 1970-களில் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய டிஃப் என்ற கோப்பு ஒப்பீட்டு நிரல் முதல் இதே கதைதான்: எது வேறு என்று காட்டும், யார் மாற்றியது என்று அதற்குத் தெரியாது. இருவரும் திருத்தத் தொடங்குவதற்கு முன்பிருந்த மூலக் கோப்பும் வேண்டும். மூலத்தில் அந்த வரி இருந்தால், நீக்கியவர் அவர்; விஷயம் முடிந்தது.

கேடிஃப்3, மெல்ட் இரண்டும் இலவசம், மூன்றையும் அருகருகே காட்டும். வின்மெர்ஜின் இப்போதைய பதிப்புகளிலும் மூன்றாவது கோப்பைத் திறக்கலாம். எனக்குப் பழகியது கேடிஃப்3. தோற்றம் அரதப் பழசு. ஆனால் ஒருவர் மட்டும் தொட்ட இடங்களைத் தானே இணைத்துவிட்டு, இருவரும் கைவைத்த இடத்தில் மட்டும் நம்மைக் கேட்கும்.

கிட் பயன்படுத்தினால் மூலத்தை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். இருந்தும் இருவரும் ஒரே இடத்தை வேறுவேறாக மாற்றி முரண்பாடு வந்தால் <<<<<<< குறிகளுக்கு நடுவே இரு தரப்பை மட்டுமே காட்டுவது அதன் இயல்பு. முரண்பாட்டைக் காட்டும் பாணியை டிஃப்3 என்று மாற்றிவிடுங்கள், ||||||| குறிக்குக் கீழே மூல வரிகளும் தெரியும்.

கோப்பு முழுவதுமே மாறியதாகக் காட்டினால் பதறாதீர்கள். பெரும்பாலும் ஒருவர் விண்டோஸ், மற்றவர் லினக்ஸ். வரி முடிவுக் குறிதான் வேறு. அதைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் தேர்வு வின்மெர்ஜ் அமைப்புகளிலேயே இருக்கிறது.