பாண் போடப் பழகியவர் சப்பாத்துத் தைத்த கதை

திருகோணமலையில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கிழிந்த பூட்ஸ் தைப்பதும், ஸ்டட் (தரையில் ஊன்றிப் பிடிக்க பூட்ஸின் அடியில் இருக்கும் குமிழ்) மாற்றுவதும் என் கைவேலைதான். அடிடாஸைத் தொடங்கிய அடி டாஸ்லரைப் பற்றிப் போன கிழமை நாலு வரி எழுதப்போய், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அங்கிள், 'ஆல் டே ஐ ட்ரீம் அபவுட் ஸ்போர்ட்' என்பதன் சுருக்கம்தானே அடிடாஸ்? (உவர்மலை, பத்தாம் வகுப்பு மாணவி)

இல்லை மகள், அது பின்னால் யாரோ கட்டிவிட்டது. ஆளின் பெயர் அடோல்ஃப், எல்லாரும் கூப்பிட்டது அடி. டாஸ்லரில் இருந்து 'டாஸ்' எடுத்து ஒட்டினார், அவ்வளவுதான். தமிழில் அடி என்றால் பாதம் என்பது நமக்குக் கிடைத்த கொசுறு.

பணக்கார வீட்டுப் பிள்ளையா அண்ணா? (பாலையூற்று)

எங்கே! 1900 நவம்பர் 3இல் ஜேர்மனியின் ஹெர்சோகனவ்ராக் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா சப்பாத்துத் தொழிற்சாலைக் கூலி. அம்மா வீட்டிலேயே உடுப்புத் தோய்த்துக் கொடுத்தவ. தோய்த்ததை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது பொடியன்களின் வேலை. அடி பழகியது பேக்கரி வேலை. ஆனால் முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பி வந்தவர் பாண் போடவில்லை, அம்மாவின் சலவை அறையில் சப்பாத்துத் தைக்க உட்கார்ந்தார்.

தோல் இல்லாத காலம். பட்டாளம் கழித்துவிட்ட பைகள், தலைக்கவசத் தோல் என்று கிடைத்ததை வெட்டினார். கரண்டும் ஒழுங்காக இல்லை. சைக்கிளை நிறுத்திவைத்து ஒருவர் மிதிக்க, அந்த வேகத்தில் மெஷினை ஓட்டினார். 2022 மின்வெட்டில் தையல் மெஷினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்த எனக்கு இந்தப் புத்தி வரவில்லை!

விளையாட்டு வீரர்களை எப்படிப் பிடித்தார்? விளம்பரமா? (நிலாவெளி)

தானே ஓடுவார், உதைபந்து அடிப்பார். தைத்ததைத் தன் காலில் போட்டுப் பார்த்துவிட்டு, போட்டி நடக்கும் இடத்துக்கே கொண்டுபோவார். ஓட்டத்துக்கு ஒரு ஆணி, பாய்ச்சலுக்கு வேறொரு ஆணி என்று பிரித்துப் பிரித்துச் செய்தார். 1928 அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் லீனா ராட்கே 800 மீற்றரில் தங்கம் எடுத்தது இவருடைய சப்பாத்தில். 1936 பெர்லினில் 4 தங்கம் எடுத்த ஜெஸி ஓவன்ஸ் காலிலும் டாஸ்லர் ஸ்பைக்ஸ். ஒரு கறுப்பின அமெரிக்கர், ஹிட்லரின் கண் முன்னால்.

அப்போ ஹிட்லருக்கு எதிரானவரா? (ஆசிரியர், நகரம்)

அப்படி வெள்ளையடிக்க முடியாது சேர். 1933இல் அண்ணன் ருடோல்ஃபும் இவரும் நாஜிக் கட்சியில் சேர்ந்தார்கள். போரின் கடைசிக் கட்டத்தில் அந்தத் தொழிற்சாலையில் டாங்கியைத் தகர்க்கும் ஆயுதம் செய்தார்கள். கெட்டிக்காரர் என்பதற்காக இதை மறைக்க நான் தயாரில்லை.

சகோதரங்கள் ஏன் பிரிந்தார்கள்? (கிண்ணியா)

1924இல் சேர்ந்து தொடங்கிய தொழில். தம்பிக்குப் பட்டறை, அண்ணனுக்கு வியாபாரம் என்று நல்லாத்தான் ஓடியது. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் ருடோல்ஃபைப் பிடித்து அடைத்தார்கள். காட்டிக்கொடுத்தது தம்பிதான் என்று அவர் நினைத்தார். பெண்சாதிமாருக்குள்ளும் ஒத்துவரவில்லையாம். 1948இல் சொத்தைப் பிரித்தார்கள். 1949இல் தம்பி 47 பேரோடு அடிடாஸைப் பதிந்தார். அண்ணன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்ப் பூமாவைத் தொடங்கினார். உங்கள் கிண்ணியாப் பாலம் அளவுக்கு ஆறில்லை, சின்ன ஆறுதான். ஆனாலும் ஊரே இரண்டாகிப் போனது. எதிரே வருபவர் என்ன சப்பாத்துப் போட்டிருக்கிறார் என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கதைப்பார்களாம். அதனால் 'கழுத்து வளைந்த ஊர்' என்றே அதற்குப் பெயர்.

ருடோல்ஃப் 1974இலும் அடி 1978இலும் செத்தார்கள். ஒரே சவக்காலையில், ஆளுக்கொரு அந்தத்தில் கிடக்கிறார்கள்.

மழை மட்ச் கதையைச் சொல்லுங்கோ அண்ணா! (உப்புவெளி, உதைபந்தாட்டக் கழகப் பொடியன்)

இதற்காகத்தானே காத்திருந்தேன். 1954 ஜூலை 4, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரம், உலகக் கிண்ண இறுதி. நாலு வருசமாகத் தோற்காத ஹங்கேரி அணி. அதே தொடரில் முன்னர் மேற்கு ஜேர்மனியை 8-3 என்று உரித்துவிட்டிருந்தது. அன்றைக்கு மழை. ஜேர்மன் அணியோடு கூடவே இருந்தவர் அடி டாஸ்லர். அவர் கொடுத்த பூட்ஸில் ஸ்டட்டைத் திருகிக் கழற்றலாம். காய்ந்த தரைக்குக் கட்டை, சேற்றுக்கு நீளம். எட்டு நிமிசத்துக்குள் 2-0 என்று பின்தங்கிய ஜேர்மனி, 84ஆம் நிமிசத்தில் ஹெல்முட் ரான் அடித்த கோலோடு 3-2 என்று வென்றது.

சப்பாத்துத்தான் வென்றது என்று சொன்னால் ஆடியவர்கள் கோபிப்பார்கள். திருகு ஸ்டட்டை நாங்கள்தான் முதலில் செய்தோம் என்று பூமாவும் நிற்கிறது. ஆனால் மார்கழி மழையில் ஏகாம்பரம் மைதானத்தில் விளையாடியவனுக்குத் தெரியும், ஊன்றுகால் வழுக்கினால் உதை வெறும் காற்றில்தான் போகும்.

ஒன்று சொல்லவேண்டும். நம் ஊர் உப்புக் காற்றுக்கு ஸ்டட்டின் இரும்புத் திருகாணி ஒரு பருவத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு குறட்டால் முறுக்கினால் பூட்ஸின் அடிப்பாகமே பெயர்ந்து வரும். மட்ச் முடிந்ததும் கழற்றி, புரியில் விரல்நுனியளவு கிறீஸ் தடவுங்கள். சிலர் எல்லாம் இறுகின பிறகுதான் என்னிடம் கொண்டு வருகிறார்கள்.

மூன்று கோடு எதற்கு? (தம்பலகாமம்)

சப்பாத்தின் பக்கவாட்டுத் தோல் இழுபட்டுத் தளராமல் இருக்கப் பட்டி வைத்துத் தைப்பது வழக்கம். அதுவே அடையாளமாகியது. அந்தக் கோடுகளைப் பின்லாந்தின் கார்ஹு கொம்பனியிடம் இருந்து கொஞ்சக் காசுக்கும் இரண்டு போத்தல் விஸ்கிக்கும் வாங்கியதாகச் சொல்வார்கள்.

வேறு யாரையாவது சொல்லுங்கோ. (மூதூர், மீன் வியாபாரி)

உங்களுக்கென்றே ஒருவர் இருக்கிறார். ஜப்பானின் கிஹாச்சிரோ ஒனிட்சுகா, இப்போதைய அசிக்ஸ் சப்பாத்துக் கொம்பனியைத் தொடங்கியவர். சாப்பாட்டுத் தட்டில் இருந்த பேய்க்கணவாயின் உறிஞ்சிக் குழிகளைப் பார்த்து, தரையைக் கவ்வும் கூடைப்பந்துச் சப்பாத்துச் செய்தார்.

மகனுக்கு முதல் பூட்ஸ் வாங்கப்போகிறேன். என்ன பார்க்கவேண்டும்? (ஒரு தாய், அலஸ்தோட்டம்)

பின்னேரம் கூட்டி வாருங்கள் தங்கச்சி, காலையை விடப் பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும். மட்சுக்குப் போடுகிற சொக்ஸையே போட்டு வரட்டும். வளர்ந்து கொள்வான் என்று இரண்டு சைஸ் பெரிதாக மட்டும் கேட்காதீர்கள். ஒரு பூட்ஸைப் போட்டு, வாசலில் நாலு ஓட்டம் ஓடட்டும், நான் குதியைப் பார்த்துச் சொல்கிறேன்.