ஆஷ் கோட்டுச் சோதனையில் யாரும் ஒத்துப்போகாதது ஏன்?

ஒரு கோட்டுக்குச் சம நீளமுள்ள கோடு எது என்று கேட்கும் ஆஷின் சோதனையை ஐந்து மாணவர்களிடம் நடத்திப் பார்த்ததாகவும், யாரும் குழுவோடு ஒத்துப்போகவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். விடைகளைத் தாளில் எழுதித் தரச் சொன்னீர்கள் அல்லவா, உங்கள் ஐந்து மாணவர்களில் ஒருவர்கூடக் குழுவின் தவறான விடையைப் பின்பற்றாததற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தவறான கோட்டை வாய்விட்டுச் சொல்ல, விவரம் அறியாதவர் வரிசையின் கடைசிப் பக்கத்தில் அமர்ந்து, அத்தனை பேர் முன்னிலையில் தன் முறைக்காகக் காத்திருந்தார். பலருக்குக் கண் சரியாகவே பார்த்தது. தனித்துத் தெரியத்தான் மனம் கூசியது. எழுதித் தர அனுமதித்தபோது அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது.

ஆகவே மறுமுறை விடைகளை உரக்கச் சொல்லவையுங்கள். தவறான விடை சொல்ல நீங்கள் ஏற்பாடு செய்த ஆட்களில் ஒருவர்கூட வாய்தவறிச் சரியான விடையைச் சொல்லிவிடக் கூடாது. ஆஷின் சோதனையில் ஒரே ஒருவர் சரியான விடை சொல்லித் துணை நின்றதும், ஏறத்தாழ 37 சதவீதமாக இருந்த தவறான விடைகள் 5 சதவீத அளவுக்கு இறங்கின. இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். முடிந்ததும் ஒவ்வொருவரிடமும், ஏற்பாட்டைப் பற்றிச் சந்தேகம் எழுந்ததா என்று தனியே கேளுங்கள். உளவியல் மாணவர்கள் இதைப் பாடத்திலேயே படித்திருப்பார்கள் என்பதால், வேறு துறையினரை அழைப்பது நல்லது.

ஐந்து பேரை வைத்து, இன்றைய இளைஞர்கள் யாருக்கும் வளைந்துகொடுப்பதில்லை என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். ஆஷின் பங்கேற்பாளர்களான அமெரிக்கக் கல்லூரி ஆண்களிலும் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஒருமுறைகூடக் குழுவோடு ஒத்துப்போகவில்லை.