நீலக்கல் கோலிக்குண்டு மாதிரி வருகிறதா?

கேள்வி: ஆல்கஹால் மார்க்கரில் நீலக்கல் வரைகிறேன். நிறங்கள் நன்றாகக் கலக்கின்றன. ஆனாலும் கல் கோலிக்குண்டு மாதிரிதான் தெரிகிறது. மையும் கோட்டைத் தாண்டி ஊறிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: நிறங்கள் நன்றாகக் கலப்பதுதான் சிக்கலே. பட்டை தீட்டிய கல்லில் ஒரு பட்டைக்குள் நிறம் மெல்ல மாறலாம். அடுத்த பட்டைக்குப் போகும்போது சட்டென்று மாற வேண்டும். கல் முழுவதையும் ஒரே ஈரத்தில் கலந்தால் பட்டைகள் கரைந்துபோகும்.

முதலில் படிவெட்டு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 6 × 4.5 செ.மீ.யில் மூலை வெட்டிய செவ்வகம், அதற்குள் அதே வடிவில் இன்னும் இரண்டு, மூலைகளை இணைக்கும் கோடுகள். அவ்வளவுதான். வைரங்களில் பார்க்கும் வட்டமான பிரில்லியன்ட் வெட்டுக்கு 57 பட்டைகள், அது பிறகு. பென்சிலை மிக மெலிதாக ஓட்டுங்கள். மேலே மை ஏறிய கோடு பிறகு அழியாது.

இனி ஒளி. அது இடது மேலிருந்து விழுவதாக வைத்தால், சுற்றுப்பட்டைகளில் இடது மேல் வெளிச்சம், வலது கீழ் இருட்டு. நடுத்தளத்தில், அதாவது எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் செவ்வகத்தில், கணக்கு தலைகீழ்: இடது மேல் மூலை இருட்டு, வலது கீழ் வெளிச்சம். உள்ளே புகுந்த ஒளி எதிர்ப்பக்க அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்புவதே காரணம். நகை வரைபடங்களில் இது பழைய மரபு. பலரும் தவறவிடுவதும் இதைத்தான்.

கோபிக் (Copic) நிறுவன மார்க்கர் வைத்திருந்தால் பி32 (B32), பி34, பி37, பி39 என்ற நீலங்கள் போதும். வேறு நிறுவனம் என்றால் ஒரே நீலத்தில் நான்கு படிகள். இலங்கைக் கல்லின் இளநீலம் வேண்டுமானால் கடைசி நிறத்தை மூலைகளில் மட்டும் தொடுங்கள். ஒரு பட்டையில் வெளிர்நிறம் பூசி, ஈரம் காயுமுன் ஒரு முனையில் அடர்நிறம் வைத்து, சேரும் இடத்தை மறுபடி வெளிர்நிறத்தால் தடவுங்கள். அது காய்ந்த பிறகே பக்கத்துப் பட்டை. ஐந்தில் ஒரு பங்காவது வெள்ளைக் காகிதமாகவே இருக்கட்டும். மிக அடர்ந்த இடத்துக்குக் கறுப்பு வேண்டாம், கல் செத்துவிடும். நீலத்தின் மேல் கரும் ஊதா பூசுங்கள். நீலக்கல்லுக்குள் ஊதாச் சாயல் உண்மையிலேயே உண்டு.

மை ஊறுவதற்குக் காரணம் பெரும்பாலும் காகிதம். சாதாரண நகல் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். மார்க்கர் தாளுக்கு மாறுங்கள். அதிலும் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்பே முனையை நிறுத்துங்கள், மீதியை மை தானே போய் நிரப்பும். தாண்டிவிட்டால் நிறமற்ற பிளெண்டரால் (நிறமில்லாத, கலப்பதற்கான மார்க்கர்) வெளியிலிருந்து கோட்டை நோக்கித் தள்ளலாம். அது அழிப்பான் அல்ல, நிறத்தை நகர்த்தும். எனவே முழுதாகப் போகாது.

பட்டை விளிம்புகளை நன்றாகக் கூர் சீவிய நீலக் கலர் பென்சிலால் கூர்மையாக்கலாம். வெள்ளை ஜெல் பேனா கடைசியில்தான், அதுவும் மூன்று நான்கு இடங்களில் மட்டும். அதன் மேல் மார்க்கர் பட்டால் வெள்ளை கலங்கும், மார்க்கர் முனையும் கெடும். நிழல் வலது கீழே விழும். முழுச் சாம்பலாக அடைக்காமல், நடுவில் பி32ஆல் ஒரு சிறு நீலத் திட்டு விடுங்கள். கல்லைக் கடந்து வரும் ஒளி அங்கேதான் விழுகிறது.