டோட்டாடேட் ஸ்கேன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவுக்குச் சிறுகுடலில் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது). 28 நாளுக்கு ஒருமுறை ஆக்ட்ரியோடைட் ஊசி போடுகிறோம். இப்போது காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஊசியை நிறுத்த வேண்டுமா? வெறும் வயிற்றோடு போகணுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். ஸ்கேன் தேதியைப் பொருத்தமாக வைத்தாலே போதும்.

இந்தக் கட்டிகளின் செல்கள் பெரும்பாலானவற்றில் சோமடோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பி, முக்கியமாக அதன் 2ஆம் வகை, மிக அதிகமாக இருக்கும். டோட்டாடேட் அந்த ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும்; அதோடு கோத்துவிட்ட கதிரியக்கப் பொருளான காலியம்-68 எங்கே தங்கியிருக்கிறது என்பதை ஸ்கேனர் காட்டும். அப்பா போட்டுக்கொள்ளும் மருந்துக்கும் அதே ஏற்பிதான் இடம். ஊசி போட்ட சில நாளிலேயே ஸ்கேன் எடுத்தால் படத்தில் கட்டி மறைந்துவிடாது. ஆனால் கல்லீரலும் மண்ணீரலும் காலியத்தை வாங்குவது குறைந்துவிடும். சிக்கல் அங்கேதான். கட்டிக்கு மதிப்பெண் போடுவதே அந்த இரண்டையும் பார்த்துத்தான்: கல்லீரலைவிடப் பிரகாசமாக இருந்தால் 3, மண்ணீரலையும் மிஞ்சினால் 4. அவை மங்கிப்போனால் 3 வரவேண்டிய இடத்தில் 4 வரும். அதே ஏற்பி வழியாகக் கட்டிக்குக் கதிரியக்கம் கொடுக்கும் லுட்டீசியம்-177 சிகிச்சை பலன் தருமா என்று முடிவெடுப்பதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் அடுத்த ஊசிக்கு முந்தைய சில நாட்களுக்குள் ஸ்கேனை வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வழக்கம்போல ஊசி. தினமும் தோலடியில் போடும் ஊசி என்றால் 24 மணி நேரம் இடைவெளி விடச் சொல்வதுண்டு. அதையும் டாக்டர் சொன்னால் மட்டுமே செய்யுங்கள். ஊசியை விட்டால் வயிற்றுப்போக்கும் முகம் சிவந்து சூடாவதும் திரும்ப வரக்கூடும்.

டோட்டாடேட்டுக்காக வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை போன்ற மருந்தால் எடுக்கும் எஃப்.டி.ஜி. பெட் போல, ரத்தச் சர்க்கரை அளவு இங்கே குறுக்கே வராது. சி.டி.க்குக் கான்ட்ராஸ்ட் கொடுப்பதானால் சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். டோட்டாடேட் மருந்து, எடையில் கிலோவுக்கு 2 மெகாபெக்கரல் (கதிரியக்க அலகு), அதிகபட்சம் 200 என்பது பரவலான அளவு. அந்த மருந்தை ஊசியில் ஏற்றி 40 முதல் 90 நிமிடத்துக்குள் படம் எடுப்பார்கள். ஊசி ஏறும்போது கை எரிந்தாலோ வீங்கினாலோ உடனே சொல்லச் சொல்லுங்கள். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் அந்தப் பக்கத்து அக்குள் நெறிக்கட்டி ஒளிர்ந்து, நோய் பரவியதுபோலத் தோன்றலாம்.

கேள்வி: காலையிலேயே வரச் சொன்னார்கள். மதியம்வரை உட்கார வைத்துவிட்டு, “மருந்து சரியாக வரவில்லை, நாளை வாங்க” என்றார்கள். இது அலட்சியம் இல்லையா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அவ்வளவு தூரம் வந்து திரும்புவது கொடுமைதான். ஆனாலும் அந்த மருந்தைப் போடாமல் விட்டதே சரி. காலியம்-68 68 நிமிடத்தில் பாதியாகிவிடும். முன்கூட்டியே செய்து வைக்க முடியாது. ஜெர்மேனியம்-68 அடைத்த ஜெனரேட்டரிலிருந்து (காலியம் ஊறும் சிறு கருவி) அமிலம் விட்டு அன்றன்று இறக்கி, டோட்டாடேட்டோடு கலந்து, அமிலத்தன்மையை (pH) 4ஐ ஒட்டி வைத்து, ஏறத்தாழ 95 டிகிரியில் சில நிமிடம் சூடாக்க வேண்டும். துளி இரும்போ துத்தநாகமோ கலந்தால்கூட அது காலியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டாத காலியம் ரத்தத்திலேயே சுற்றும், படம் கலங்கிப்போகும். சுத்தப் பரிசோதனையில் தேறாத மருந்தைக் கொட்டத்தான் வேண்டும். ஜெனரேட்டரில் மறுபடி 90 சதவீதம் ஊற 4 மணி நேரம் ஆகும். ஜெர்மேனியமும் 271 நாளில் பாதியாகிவிடுவதால், பழைய ஜெனரேட்டரில் ஒரு தடவைக்கு ஓரிருவருக்கே மருந்து தேறும்.

கேள்வி: ரிப்போர்ட்டில் கணையத் தலைப்பகுதியில் ‘அன்சினேட் ப்ராசஸ் அப்டேக்’ என்று போட்டிருக்கிறது. புதுக் கட்டியா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பெரும்பாலும் இல்லை. ‘அன்சினேட் ப்ராசஸ்’ என்பது கணையத் தலையின் கொக்கி போன்ற மூலை; ‘அப்டேக்’ என்றால் அங்கே மருந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மூலையில் இயல்பாகவே ஏற்பிகள் அதிகம். அதே இடத்தில் சி.டி.யிலும் ஒரு முடிச்சு தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட்டாலே பல நேரம் விளங்கிவிடும். மண்ணீரல், சிறுநீரகம், அட்ரினல், பிட்யூட்டரி எல்லாமே இந்தப் படத்தில் ஒளிரும்.

கேள்வி: பயாப்ஸியில் கே.ஐ.-67 (செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் அளவு) 55 சதவீதம். டோட்டாடேட் படத்தில் ஒன்றுமே இல்லை. நிம்மதியாக இருக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கூடாது. வேகமாகப் பெருகும் கட்டிகள் இந்த ஏற்பியை இழந்துவிடுவதுண்டு. இந்த ஸ்கேன் காட்டுவது ஏற்பியை மட்டுமே. எஃப்.டி.ஜி. பெட் எடுப்பதுபற்றி உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

கேள்வி: ஸ்கேன் முடிந்து வந்து கைக்குழந்தையைத் தூக்கலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்று மாலைவரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். தாய்ப்பாலை 12 மணி நேரம் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள். 7 மணி நேரத்தில் உடம்பில் இருக்கும் கதிரியக்கம் 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.