குழந்தை பார்க்க வந்தவர், குழுமத்தின் முதலாளியானார்: ஃப்ரீடெ ஸ்பிரிங்கர் பற்றிக் கேள்வி பதில்

ஜெர்மனியின் 'பில்ட்', 'டி வெல்ட்' நாளிதழ்களை நடத்தும் ஆக்செல் ஸ்பிரிங்கர் குழுமத்தின் ஃப்ரீடெ ஸ்பிரிங்கர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இந்த அம்மா அந்த வீட்டுக்கு ஆயா வேலைக்கு வந்தவராமே, நிஜமா சார்?

நிஜம்தான். வட கடலில் இருக்கும் ஃபோர் தீவில் 1942-ல் பிறந்தவர். அப்பா தோட்டக்காரர். 1965-ல் பத்திரிகை அதிபர் ஆக்செல் ஸ்பிரிங்கரின் கடைசி மகனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். 1978-ல் அவரையே மணந்தார். கணவர் 30 வயது மூத்தவர், இவர் அவருக்கு ஐந்தாவது மனைவி. எல்லாரும் இந்தப் பகுதியைத்தான் விரும்பிச் சொல்கிறார்கள். எனக்கோ கணவர் இறந்த 1985-க்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம்.

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கும் ஸ்பிரிங்கர் அறிவியல் புத்தகங்கள் இவர்களுடையதா?

இல்லை. அது ஜூலியஸ் ஸ்பிரிங்கர் 1842-ல் பெர்லினில் தொடங்கிய பதிப்பகத்தின் வழி வந்தது. இவர்களுடையது 1946-ல் ஹாம்பர்க்கில் தொடங்கியது. பெயர் மட்டும்தான் ஒன்று.

கேள்வி: கணவர் போனதும் சொத்து கைக்கு வந்துவிட்டது. இதில் இவர் திறமை என்று சொல்ல என்ன இருக்கிறது?

நியாயமான கேள்வி. ஆனால் 1985 செப்டம்பரில் ஆக்செல் இறந்தபோது இவர் கைக்கு வந்தது சொத்துதான், அதிகாரம் இல்லை.

கால் பங்கை பர்டா பத்திரிகைக் குடும்பத்துக்கு ஆக்செல் ஏற்கெனவே விற்றிருந்தார். இன்னும் 49 சதவீதம் அதே ஆண்டு பங்குச்சந்தைக்குப் போனது. மிச்சம்தான் வாரிசுகளுக்கு. உயிலிலும் சிக்கல். ஆக்செல் கடைசியாக யோசித்திருந்த மாற்றங்களில் அவர் கையெழுத்தே இல்லை. அவர் விருப்பம் இதுதான் என்று மற்ற வாரிசுகளும் ஒப்புக்கொண்டதால் குடும்பப் பங்கில் 70 சதவீதம் ஃப்ரீடெவுக்கு வந்தது. அப்போது இளைஞனாக இருந்த, ஆக்செலின் பேரன் பல வருடம் கழித்து, தன் பங்கு குறைந்துவிட்டது என்று வழக்குப் போட்டார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வரவில்லை.

அலுவலகத்தில் யாரும் இவரை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. பத்திரிகைத் தொழில் படித்தவரில்லை, கணக்கு வழக்கும் பழக்கமில்லை. நிர்வாகத்தில் இருந்த ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள், இந்த அம்மா ஓரமாக உட்கார்ந்திருப்பார் என்பதுதான் எல்லார் கணக்கும். இவர் மேற்பார்வைக் குழுவில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். 1988-ல் குடும்பம் கடன் வாங்கி பர்டாவின் பங்கை மீட்டது. பணக்கார விதவை எதற்காகக் கடனில் இறங்க வேண்டும்? வரும் லாபத்தில் சுகமாக வாழ்ந்திருக்கலாமே. இவரை வெறும் வாரிசு என்று நான் எழுதாததற்குக் காரணம் அந்தக் கடன்தான்.

கேள்வி: லியோ கிர்ஷ் என்பவரை இவர்தான் வீழ்த்தினார் என்கிறார்களே?

கொஞ்சம் மிகை. கிர்ஷ் திரைப்பட உரிமைகளை வாங்கி விற்றுப் பெரிய ஆளானவர். அப்புறம் தொலைக்காட்சிகளுக்கே முதலாளி. ஸ்பிரிங்கர் பங்குகளையும் மெல்ல மெல்லச் சேர்த்து 40 சதவீதம் வரை வந்துவிட்டார். ஃப்ரீடெவுக்கு வருடக்கணக்கில் தலைவலி.

2002-ல் கதை திரும்பியது. அந்த ஜனவரியில் மத்தியாஸ் டப்ஃப்னரை ஸ்பிரிங்கர் குழுமத்தின் தலைமை நிர்வாகி ஆக்கியிருந்தார்கள். கிர்ஷின் தொலைக்காட்சி நிறுவனமான ப்ரோசீபன்சாட்.1-ல் ஸ்பிரிங்கருக்கு 11 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு இருந்தது. பழைய ஒப்பந்தப்படி அதைச் சுமார் 767 மில்லியன் யூரோவுக்கு கிர்ஷ் வாங்கியே ஆக வேண்டும். "எடுத்துக்கொள், பணத்தைக் கொடு" என்று டப்ஃப்னர் கேட்டார். கட்டணத் தொலைக்காட்சியிலும் கார் பந்தய உரிமைகளிலும் கொட்டிய கடனால் கிர்ஷ் அதற்குள் தள்ளாடிக்கொண்டிருந்தார். ஏப்ரலில் திவால்.

அவர் அடகு வைத்திருந்த ஸ்பிரிங்கர் பங்குகள் டாய்ச்ச வங்கியிடம் போயின. அதிலிருந்து நிறுவனத்தின் சுமார் 10 சதவீதப் பங்கை ஃப்ரீடெ வாங்கி, பாதிக்கு மேல் தன் கையில் கொண்டுவந்தார். கணவர் இறந்து 17 வருடம் கழித்து!

கேள்வி: 'பில்ட்' என்றாலே பரபரப்புச் செய்தி. அதற்கு இவர் பொறுப்பில்லையா?

உண்டு. 1968-ல் மாணவர் தலைவர் ரூடி டுட்ஷ்கே சுடப்பட்டபோது, 'பில்ட்' கிளப்பிய வெறுப்புதான் காரணம் என்று மாணவர்கள் ஸ்பிரிங்கர் கட்டடங்களை முற்றுகையிட்டார்கள். இவர் காலத்திலும் அந்தப் பெயர் போகவில்லை. ஃப்ரீடெ தலையங்கம் எழுதியவர் இல்லை. ஆனால் ஆசிரியரையும் நிர்வாகியையும் நியமிக்கும் இடத்தில் முதலாளியின் விருப்பம் தெரிந்துவிடும். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி உறுப்பினர், முன்னாள் ஜெர்மன் பிரதமர் மெர்கலின் தோழி. அந்த நெருக்கம் ஒரு பத்திரிகை முதலாளிக்கு அழகா என்று கேட்டால், அழகில்லை என்பேன்.

கேள்வி: பெர்டல்ஸ்மன் லிஸ் மோன் கதையும் இதே மாதிரிதானே?

தொடக்கம் ஒத்துப்போகும். பெர்டல்ஸ்மன் இன்னொரு பெரிய ஜெர்மன் ஊடகக் குழுமம். லிஸ் மோன் 17 வயதில் அந்த நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பாளராகச் சேர்ந்து, 1982-ல் அதிபர் ரைன்ஹார்ட் மோனை மணந்தவர். பக்கவாத நோயாளிகளுக்காக 1993-ல் அறக்கட்டளை தொடங்கியவர். ஆனால் அங்கே பெரும்பங்கு அறக்கட்டளைகள் பெயரில் பத்திரமாக இருந்தது. ஃப்ரீடெ போல ஒவ்வொரு சதவீதத்துக்கும் அல்லாட வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: தர்ம காரியங்கள்?

இதய நோய் ஆராய்ச்சிக்கு 2004-ல் ஓர் அறக்கட்டளை. அப்புறம் 2010-ல் தன் பெயரில் இன்னொன்று, அறிவியலுக்கும் கலைக்கும் சமூகப் பணிக்கும் உதவுகிறது.

கேள்வி: இவ்வளவு போராடிச் சேர்த்ததை வெளியாளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாராமே, ஏன்?

2019-ல் கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் உள்ளே வந்தது. அடுத்த ஆண்டு பங்குச்சந்தையிலிருந்தே விலகிவிட்டார்கள். 2020 செப்டம்பரில் ஃப்ரீடெ சுமார் 15 சதவீதப் பங்கை டப்ஃப்னருக்குப் பரிசாகக் கொடுத்தார், 4 சதவீதம் விற்றார். மிச்சமிருந்த பங்கின் வாக்குரிமையையும் அவருக்கே கொடுத்தார். அப்போது வயது 78. சொந்தப் பிள்ளைகள் கிடையாது. கணவரின் பேரப்பிள்ளைகளிடம் சிறு பங்கு இருந்தது. ஆனால் நிறுவனம் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் இவர் எப்போதும் பிடிவாதம். அந்தக் கை ஸ்பிரிங்கர் குடும்பத்துக் கையாக இருக்க வேண்டும் என்று நினைக்கவில்லை போலும். பேரனுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

கேள்வி: இப்போது என்ன நிலவரம்?

2025 ஏப்ரலில் குழுமத்தைப் பிரித்துவிட்டார்கள். வேலைவாய்ப்பு, வீடு மனை விளம்பரத் தளங்களில் பெரும்பங்கு கேகேஆர் பக்கமும் அதோடு சேர்ந்த கனடா ஓய்வூதிய நிதியின் பக்கமும் போனது. பத்திரிகைகளும், 2021-ல் வாங்கிய அமெரிக்க அரசியல் செய்தி நிறுவனமான 'பொலிட்டிகோ'வும் டப்ஃப்னர், ஃப்ரீடெ பக்கம். பணம் கொழிக்கும் பகுதியை விட்டுவிட்டுப் பத்திரிகையை வைத்துக்கொண்டது சரியா என்று அடுத்த கேள்வி வரும். வியாபாரக் கணக்கில் எனக்கும் சந்தேகம்தான்.