கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது உங்கள் சிறு பிள்ளை வீட்டிலிருந்து உண்மையில் எதையாவது கற்றதா?

கற்றாள். ஆனால் அவள் கற்றதாகத் திரையில் பதிவானது ஒன்று, உண்மையில் கற்றது வேறொன்று.

2020 ஜனவரியில்தான் என் மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், சேர்ந்தாள். சிற்றுண்டிச் சாலையில் வரிசையில் நின்று, தானே காசு கொடுத்து நூடல்ஸ் வாங்கப் பழகிக்கொண்டிருந்தாள். அதற்குள் பள்ளிக்கூடம் எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. ஏப்ரல் 1 புதன்கிழமை, தொடக்கப்பள்ளிகளுக்கு வாரம் ஒருநாள் வீட்டிலிருந்து கற்றல் என்று ஆரம்பித்தார்கள். அந்த ஒரு நாளுக்கே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வெள்ளிக்கிழமை பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். ஏப்ரல் 8 முதல் எல்லா நாளும் வீட்டிலேயே என்றாகிவிட்டது.

கணவர் பஸ் ஓட்டுநர். விடியும் முன்பே கிளம்பிவிடுவார். எனக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கும் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. நான்கு வயது மகனின் பாலர் பள்ளியும் அதே நாளில் மூடியது. அவனுடைய ஆசிரியர் காணொளியில் அழைப்பார். அவன் தன் பாதத்தைக் காட்டிவிட்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். அவனுடைய இணையக் கல்வியைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

மகளுக்குப் பள்ளியிலிருந்து ஒரு மடிக்கணினியை இரவல் கொடுத்தார்கள். முதல் தடையே கடவுச்சொல்தான். அது சிறிய ஆங்கில எழுத்துகளில் இருந்தது. விசைகளின் மேல் அச்சிட்டிருப்பதோ பெரிய எழுத்துகள். அப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகிய பிள்ளைக்கு ஒவ்வொரு விசையும் ஒரு விடுகதை. நான் ஒரு கையால் தட்டிக் கொடுத்துக்கொண்டே மறு கையால் அலுவலக அழைப்பை எடுப்பேன்.

இரண்டாம் வாரம் நிலைமை சீரானது போலத் தெரிந்தது. கணிதப் பயிற்சியை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுவாள். "முடிந்தது" என்று திரையும் சொல்லும். பெருமையாக இருந்தது. ஒருநாள் அழைப்பு ஒன்று ரத்தானதால் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கேள்வியைப் படிக்கவே இல்லை. நான்கு விடைகளையும் வரிசையாக அழுத்திக்கொண்டே போனாள். "பச்சை வரும்வரைக்கும் அழுத்த வேண்டும் அம்மா, அவ்வளவுதான்" என்று எனக்கே பாடம் நடத்தினாள். அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. மாதக் கடைசியில் நானும் சில படிவங்களை அப்படித்தான் நிரப்புகிறேன்.

அன்று மடிக்கணினியை மூடிவிட்டு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையை எடுத்தேன். எட்டை ஐந்தாகவும் மூன்றாகவும் பிரி, இப்போது ஆறாகவும் இரண்டாகவும் பிரி. அரை மணி நேரம் ஆனது. அழுகை இருந்தது, தம்பி இரண்டு கடலையை விழுங்கிய கலவரமும் இருந்தது. ஆனால் அடுத்த நாள் கேட்டபோது சொன்னாள். என்னைக் கேட்டால், ஏழு வயதுப் பிள்ளை தனியாகத் திரையின் முன் கற்பது என்று ஒன்று கிடையாது. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். பார்த்துக்கொள்ள ஆளில்லாத அத்தியாவசிய ஊழியர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளிகள் திறந்தே இருந்தன. எங்கள் புளோக்கில் இருந்த தாதி ஒருவர் தம் மகனை அங்கேதான் விட்டார். அதே பாடத்தை அவன் ஆசிரியர் ஒருவரின் கண்ணெதிரே செய்தான். வெளியே சொல்லவில்லை, எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. மறு ஆண்டு மே 19 முதல் 28 வரை மீண்டும் அடைத்தபோது நான் தேறியிருந்தேன்: காலையில் தாளும் பென்சிலும் மட்டும், மடிக்கணினியை என் வேலை முடிந்தபின்தான் திறப்பது.

இணையம் முற்றிலும் வீண் என்று சொல்ல வந்தேன் என்று நினைக்காதீர்கள். தமிழ் விஷயத்தில் கதை வேறு. தமிழாசிரியர் ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொல்லியிருந்தார். குக்கர் விசில், பக்கத்து வீட்டுத் துளையிடும் சத்தம், தம்பியின் பாட்டு எல்லாம் புகுந்து ஏழெட்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. ஒருவழியாக அமைதியாக அமைந்த பதிவை இருவரும் கேட்டோம். "நான் தினமும் பல்லிக்குச் செல்கிறேன்" என்றது அவள் குரல்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவள் முதலில் சமையலறைச் சுவரைப் பார்த்தாள். அங்கே எங்கள் நிரந்தரக் குடித்தனக்காரப் பல்லி இருந்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் நாங்கள் பாதி ஆங்கிலம் பேசுகிறவர்கள். லகரமும் ளகரமும் வேறு வேறு என்று அதுவரை நான் எத்தனை முறை திருத்தியும் ஏறவில்லை. தன் குரலைத் தானே கேட்டதும் ஏறிவிட்டது.

ஆசிரியரிடம் சொன்னோம். இரண்டு நாளில் அவர் ஒரு குட்டிக் காணொளி அனுப்பினார். வாயைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து, லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொடுவதையும், ளகரத்துக்கு அதே நாக்கு மடிந்து அண்ணத்துக்குப் போவதையும் மெதுவாகக் காட்டினார். மகள் கண்ணாடி முன் நின்று அதையே செய்தாள். தம்பியும் செய்தான், எச்சில் தெறிக்க.

அந்த 2020இல் ஜூன் விடுமுறையை மே 5க்கே முன்னே தள்ளினார்கள். ஜூன் 2 பள்ளி திறந்தபோது தொடக்கநிலை ஆறுக்கு மட்டும் தினமும் வகுப்பு. சிறியவர்களுக்கு ஒரு வாரம் பள்ளி, ஒரு வாரம் வீடு. மாதக் கடைசியில்தான் எல்லாரும் முழுதாகத் திரும்பினார்கள். முதல் நாள் தமிழ் வகுப்பு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஆசிரியர் முகக்கவசம் போட்டிருக்கிறார் அம்மா. நாக்கு எங்கே போகிறது என்றே தெரியவில்லை."